வின்சிசி மென்பொருளில் அலாரம் அமைத்தல்: ஒரு மதிப்புரை

சீமென்ஸின் தொழிற்சாலைத் தானியக்க மென்பொருள் தொகுப்பான டிஐஏ போர்ட்டலில், இயந்திரத்தை இயக்கிக் கண்காணிக்கும் திரைகளை உருவாக்க உதவுவது வின்சிசி மென்பொருள். அதில் அலாரம் அமைக்கும் பகுதி, இயந்திரத்தைப் பராமரிப்பவரின் தேவையறிந்து உருவாக்கப்பட்டது என்றே சொல்வேன். ஒரு பிட் (0 அல்லது 1 மட்டுமே ஆகக்கூடிய தரவு) 1 ஆனதும் எழும் டிஸ்கிரீட் அலாரமும், வெப்பநிலை, அழுத்தம் போன்ற அளவுகள் வரம்பு மீறும்போது எழும் அனலாக் அலாரமும் தனித்தனி அட்டவணைகளில் உள்ளன.

அனலாக் அலாரத்துக்குத் தாமத நேரமும் டெட்பேண்டும் (வரம்பை ஒட்டிய சிறு ஏற்ற இறக்கங்களைப் பொருட்படுத்தாமல் விடும் இடைவெளி) தர முடிவதே இதன் பெரிய சிறப்பு. அளவு வரம்பை ஒட்டியே ஏறி இறங்கும்போது ஒரே செய்தி திரும்பத் திரும்பத் தோன்றி, ஆபரேட்டர் உண்மையான ஆபத்தையும் கவனியாமல் விட்டுவிடும் நிலையை இது பெருமளவு தவிர்க்கிறது.

டிஸ்கிரீட் அலாரத்தின் பிட்டைக் கொண்டுள்ள வேர்டு டேக்கின் (இரண்டு பைட், அதாவது 16 பிட் கொண்ட மாறி) பிட் 0, பிஎல்சி எனப்படும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கணினியின் முகவரியில் இரண்டாவது பைட்டில் அமைவது மட்டும் புதியவர்களைக் குழப்பும். ஆகவே ஒவ்வொரு அலாரத்தையும் தூண்டிப் பார்த்த பின்னரே இயந்திரத்தை ஒப்படைக்க வேண்டும்.