மூக்குவழி டியூபுக்கு எந்த லாரிங்கோஸ்கோப்?

தாடை, பல், வாய்ப்புற்று அறுவைகளில் வாயை சர்ஜனுக்கு விட்டுக்கொடுத்து, மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு கொடுக்கும் டியூபை மூக்கு வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்குகிறோம். அப்போது நாக்கை விலக்கிக் குரல்வளையைக் காட்டும் கருவிதான் லாரிங்கோஸ்கோப். இந்த வேலைக்கு, வெறுங்கண்ணால் பார்க்கும் சாதாரண மெக்கின்டாஷைவிட, கேமரா வழியே திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப்பே மேல். ஆனால் எந்த பிளேடு (வாய்க்குள் போகும் தகடு) என்று பார்த்து வாங்க வேண்டும்.

1943-இல் வந்த மெக்கின்டாஷில் குரல்வளை தெரிய, கண்ணும் அதுவும் ஒரே கோட்டில் வர வேண்டும். அதற்காக நாக்கை ஓங்கித் தூக்கும்போது குரல்வளையும் முன்னே போய்விடும். மூக்கிலிருந்து வரும் டியூபோ தொண்டையின் பின்சுவரை ஒட்டியே இறங்கி, உணவுக்குழாய்ப் பக்கம் சரியும். பிறகு டியூபைத் தொண்டைக்குள் பிடித்துத் திருப்பும் வளைந்த இடுக்கியான மகில் ஃபோர்செப்ஸ்தான் கதி. அதன் பல் கஃப்பில் (டியூபின் நுனியருகே உள்ள காற்றுப் பலூன்) பட்டால் கஃப் கிழியும். டியூபை மாற்றி, மூக்கை இரண்டாம் முறை புண்ணாக்க வேண்டிவரும்.

சி-மேக் என்ற வீடியோ லாரிங்கோஸ்கோப்பின் மெக்கின்டாஷ் வடிவ பிளேடில் (அளவு 3 அல்லது 4) அவ்வளவு தூக்க வேண்டியதில்லை. டியூபின் பாதையிலேயே குரல்வளை நிற்பதால் ஃபோர்செப்ஸ் தேவை குறைகிறது. மூக்கருகே டியூபைத் தள்ளுபவரும் திரையைப் பார்த்தே தள்ளலாம். இது பெரிய வசதி.

சி-மேக்கின் டி-பிளேடு, கிளைட்ஸ்கோப் என்ற இன்னொரு வீடியோ லாரிங்கோஸ்கோப் போன்ற அதிக வளைவுள்ளவற்றில் காட்சி அருமை, ஆனால் மகில் அந்த வளைவில் திரும்பாது. வாய்வழி டியூபை வளைத்துக் கொடுக்க உதவும் உள்கம்பியான ஸ்டைலெட்டும் இங்கே கிடையாது. குரல்வளை திரையை நிறைத்தால் பிளேடைச் சற்று பின்னிழுத்து, தூக்கலைத் தளர்த்துங்கள். நுனி பின்னாலேயே நின்றால் கஃப்பில் 10–15 மி.லி. காற்று ஏற்றுங்கள், நுனி எழும்பும். குரல்நாண்களுக்கு இடையே நுனி நுழைந்ததும் காற்றை இறக்கிவிட்டுத் தள்ள வேண்டும். அதற்குப் பிறகும் மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டினால் தலையைச் சற்று குனியவைத்து, டியூபைத் திருகிக்கொண்டே தள்ளுங்கள்.

மூக்கில் ரத்தம் வருவதை வீடியோ தடுக்காது. பிளேடு வாய்க்குள் போகுமுன்பே அது நடந்துவிடுகிறது. மூக்கின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் சைலோமெட்டசோலின் சொட்டு, வெதுவெதுப்பான சலைனில் மென்மையாக்கிய டியூப் (உள்விட்டம் பெண்களுக்கு 6.0–6.5, ஆண்களுக்கு 6.5–7.0 மி.மீ.), மேல்நோக்காமல் மூக்கின் தரையோடு செலுத்துவது, இவைதான் காக்கும். ரத்தம் லென்ஸை மூடினால் அதிக வளைவுள்ள பிளேடில் ஒன்றும் தெரியாது. மெக்கின்டாஷ் வடிவம் என்றால் சக்‌ஷன் போட்டுவிட்டு வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால் அதனால்தான் அதையே சொல்வோம். கழுத்தை அசைக்கக் கூடாத நோயாளிகள் அதிகம் வரும் இடத்தில் டி-பிளேடும் சேரட்டும்.

பாக்கு, குட்காவால் வரும் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸில் (வாயின் உட்சதை இறுகிப்போகும் நோய்) வாய் ஒரு விரல்கூடத் திறக்காவிட்டால் இரண்டுமே உள்ளே போகாது. அங்கே மயக்கம் கொடுக்காமல், மரத்துப்போகும் மருந்து மட்டும் தெளித்து, நுனியில் காட்சி தரும் வளையும் ஃபைபர்ஆப்டிக் குழாயின் மேல் டியூபைச் செலுத்தும் வழிதான்.