குழிக்குள் யார், குழிக்கு மேலே யார்: நிலத்தடியில் சிக்கியவர்களின் படங்கள், ஓர் ஒப்பீடு

நிலத்துக்கடியில் ஆள் சிக்கிக்கொள்ளும் படங்களுக்குக் கதை ஒரே வரிதான். உள்ளே சிலர், வெளியே கூட்டம், நடுவே மண்ணோ பாறையோ தண்ணீரோ. பிழைப்பார்களா மாட்டார்களா என்பதுகூடப் பெரும்பாலும் முன்பே தெரிந்த விஷயம். உண்மைச் சம்பவமாக இருந்தால் முடிவு செய்தித்தாளிலேயே வந்திருக்கும். அப்படியும் ஒரு படம் இருக்கையின் நுனிக்குத் தள்ளுகிறது, இன்னொன்று கொட்டாவி வரவைக்கிறது. கேமரா எவ்வளவு நேரம் கீழே இருக்கிறது, மேலே நிற்பவர்களை எந்தக் கண்ணால் பார்க்கிறது, இந்த இரண்டில்தான் வித்தியாசம் என்று நினைக்கிறேன். அதை வைத்துச் சில படங்களை அருகருகே நிறுத்திப் பார்க்கலாம். சில முடிவுகள் இங்கே வெளிப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

நமக்குப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 2017இல் வந்த 'அறம்', 2024இல் வந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்'. ஒன்றில் மூடாமல் விட்ட ஆழ்துளைக் கிணறு, மற்றதில் கொடைக்கானல் குணா குகை. இரண்டிலும் குறுகலான குழி, இரண்டிலும் கயிறு, இரண்டிலும் கடைசியில் இறங்குவது அரசு இயந்திரம் அல்ல, வேண்டப்பட்ட ஒருவர். இரண்டிலுமே ராமச்சந்திரன் துரைராஜ் நடித்திருக்கிறார் என்பது ஒரு வேடிக்கை: அங்கே குழந்தையின் அப்பா, இங்கே குகை வாசல் கடைக்காரர்.

ஆனால் இரண்டு படங்களின் கோபமும் வேறு வேறு. கோபி நயினாரின் 'அறம்' முழுக்க முழுக்க மேலே நிற்கும் படம். பக்கத்தில் ராக்கெட் ஏவத் தயாராகிக்கொண்டிருக்கிறது, இங்கே ஒரு குழந்தையைக் கிணற்றிலிருந்து தூக்க ஒரு கருவி இல்லை. இந்த ஒரே முரணை வைத்துக்கொண்டு படம் விடாமல் அடிக்கிறது. நயன்தாராவின் கலெக்டர் பாத்திரம் சில இடங்களில் மேடைப் பேச்சுக்குப் போய்விடுகிறது. விசாரணையில் பதில் சொல்வதாக வரும் பகுதிகள் இன்றைக்குப் பார்த்தால் கொஞ்சம் நீளம். ஆனாலும் குழந்தை விழுவதற்கு முந்தைய அரைமணி நேரம் இருக்கிறதே, தண்ணீர்ப் பஞ்சம், குடத்தோடு அலையும் பெண்கள், நீச்சலில் கெட்டிக்காரனான அண்ணன், அதுதான் படத்தின் உயிர். அந்தக் கிணறு ஏன் அங்கே இருக்கிறது என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. தண்ணீர் கிடைக்காத ஊரில்தான் துளைமேல் துளை போடுவார்கள், தண்ணீர் வராத துளையைத்தான் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். பேரிடரின் காரணத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்ன படம் இந்த வகையில் வேறு இல்லை.

ஆழ்துளைக் கிணறுகளை எப்படி மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே நெறிமுறை கொடுத்துவிட்டது. படம் வந்து இரண்டு ஆண்டு கழித்து, 2019 அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. 80 மணி நேரத்துக்கும் மேலாகத் தொலைக்காட்சியில் நேரலை ஓடியது. குழந்தையை உயிரோடு மீட்க முடியவில்லை. 'அறம்' மிகைப்படுத்துகிறது என்று சொன்னவர்கள் அதற்கப்புறம் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

சிதம்பரம் இயக்கிய 'மஞ்சும்மல் பாய்ஸ்' இதற்கு நேர் எதிர். இதற்கு அரசியல் பேச நேரமில்லை. 2006இல் கொச்சிப் பக்கத்து மஞ்சும்மலிலிருந்து வந்த நண்பர்கள் கூட்டத்தில் ஒருவர் குழியில் விழுந்தார், இன்னொருவர் கயிறு கட்டி இறங்கித் தூக்கினார். அவ்வளவுதான். படத்தின் பலம் உடம்பு. பாறையில் உரசும் தோள், சேறு, இருட்டில் பாதி மயங்கிக் கிடப்பவனின் முனகல். குகையின் பெரும்பகுதி செட் என்பதை நம்பவே முடியாது. மழைத் தண்ணீர் குழிக்குள் போகாமல் நண்பர்கள் தங்கள் உடம்பையே அணையாக வைத்துத் தடுக்கும் காட்சியில் ஒரு வார்த்தை வசனம் தேவைப்படவில்லை.

மேலே நிற்பவர்களைக் காட்டுவதில் இந்தப் படம் சாமர்த்தியமாக ஒன்று செய்கிறது. போலீஸ்காரர் அடிக்கிறார், தீயணைப்பு வீரர்கள் இறங்கத் தயங்குகிறார்கள். ஆனால் அவர்களை வில்லன்களாக்கவில்லை. அந்தக் குழியில் விழுந்தவர் யாரும் திரும்பியதில்லை என்பது உள்ளூர்க்காரர்களின் அனுபவம், அந்தப் பயத்துக்கு ஒரு மரியாதை கொடுக்கிறது. வந்தவர்களுக்குத் தமிழ் அரைகுறை, உள்ளூர்க்காரர்களுக்கு மலையாளம் அரைகுறை. பதற்றத்தில் பாதி இந்தப் பாஷைச் சிக்கலிலிருந்தே வருகிறது. அதனால் தமிழ் டப்பிங்கில் பார்க்காதீர்கள். எல்லோரும் ஒரே மொழி பேசினால் அந்தச் சிக்கல் காணாமல் போய்விடும். 'குணா' பாட்டு வரும் இடத்தில் நம் தியேட்டர்கள் என்ன ஆட்டம் போட்டன என்பது எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

இரண்டில் எது? பதைபதைப்புக்கு 'மஞ்சும்மல் பாய்ஸ்', சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குழி ஏன் வேலியில்லாமல் கிடந்தது என்ற கேள்வியை அது தாண்டிப் போய்விடுகிறது. 'அறம்' அந்தக் கேள்வியிலேயே உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்த ஜோடி வெளிநாடு. சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்க விபத்தைச் சொல்லும் 'தி 33' (2015), தாய்லாந்தின் தாம் லுவாங் குகை மீட்பைச் சொல்லும் 'தர்ட்டீன் லைவ்ஸ்' (2022). இரண்டும் உலகமே பார்த்த சம்பவங்கள், இரண்டிலும் சிக்கியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். இயக்குநர்கள் எடுத்த முடிவுதான் வேறு.

சிலி கதையில் சரக்கு ஏராளம். 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி அட்டகாமா பாலைவனத்தில் சுரங்கம் சரிகிறது, சுமார் 700 மீட்டர் ஆழத்தில் 33 பேர். காற்றுப்போக்கிக் குழாய் வழியாக ஏறி வந்துவிடலாம் என்று பார்த்தால் ஏணி முழுதாக இல்லை. இரண்டு மூன்று நாளுக்கான சாப்பாட்டை 17 நாள் இழுத்தார்கள். ஆளுக்கு ஒரு வாய் டூனா மீன், ஒரு மிடறு பால். 17ஆம் நாள் துளைக்கம்பி அவர்களைத் தொட்டபோது, 33 பேரும் நலம் என்று சிவப்பு எழுத்தில் ஒரு துண்டுச்சீட்டைக் கட்டி அனுப்பினார்கள். 69 நாளுக்குப் பிறகு ஒவ்வொருவராகக் கூண்டில் மேலே வந்தார்கள்.

இவ்வளவு இருந்தும் பட்ரீசியா ரிக்கனின் படம் கையில் நிற்கவில்லை. முதல் காரணம், எல்லோரும் ஸ்பானிய வாடையோடு ஆங்கிலம் பேசுகிறார்கள். இரண்டாவது, மேலும் கீழும் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கிறது. கீழே பசி முற்றும் நேரத்தில் மேலே மந்திரி, அப்புறம் இஞ்சினியர், அப்புறம் குடும்பங்களின் கூடாரம். இருட்டுக்கு நம் கண் பழகுவதற்குள் வெயிலுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். 33 பேரில் அன்டோனியோ பண்டேராஸையும் தலைமைப் பொறுப்பில் இருப்பவரையும் விட்டால் மற்றவர்களைப் பிரித்தறிவது கஷ்டம். உருப்படியான காட்சி ஒன்று உண்டு: கடைசிச் சாப்பாட்டின்போது பசி மயக்கத்தில் வீட்டுப் பெண்கள் விருந்து பரிமாறுவதாகத் தோன்றும் இடம். அங்கே மட்டும் படம் முழுசாகக் கீழே தங்குகிறது.

ரான் ஹோவர்ட் 'தர்ட்டீன் லைவ்ஸ்' எடுத்தபோது துணிந்து ஒரு காரியம் செய்தார். 2018 ஜூன் 23ஆம் தேதி 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் குகைக்குள் போகிறார்கள். அதோடு சரி. பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் இருவர் ஜூலை 2ஆம் தேதி அவர்களைக் கண்டுபிடிக்கும் வரை நமக்கும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. உள்ளே அழுதார்களா, பாடினார்களா, எதுவும் தெரியாது. மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தது மட்டும்தான் நமக்கும். கீழே காட்டுவதைத் தவிர்த்தே ஒரு படம் இவ்வளவு மூச்சடைக்க வைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

அதைவிட முக்கியம், மேலே நடப்பதை வேலையாகக் காட்டுகிறது. நீர் மலைக்குள் இறங்கும் துளைகளைத் தேடி அடைத்துத் திருப்பிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் வயல்களின் விவசாயிகள், பயிர் போனாலும் பரவாயில்லை என்று ஒத்துக்கொள்கிறார்கள். அந்த மாகாணத்தின் ஆளுநர், தப்பு நடந்தால் பழி சுமக்கத் தன்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தே நிற்கிறார். பிறகு அந்த விபரீத யோசனை: பையன்களுக்குக் கெட்டமின் ஊசி போட்டு மயக்கி, கையைப் பின்னால் கட்டி, முகமூடி மாட்டி, மூட்டையைப் போலத் தண்ணீருக்கடியில் இழுத்து வருவது. ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் முதலில் முடியவே முடியாது என்கிறார். அவர் மனம் மாறுவதற்கு வீர வசனம் எதுவும் காரணமில்லை. வேறு வழி ஒவ்வொன்றாக அடைபட்டுப் போகிறது, அவ்வளவுதான். மீட்பில் உயிர்விட்ட முன்னாள் கடற்படை வீரர் சமன் குனானின் மரணத்தையும் இசையைக் கூட்டி ஊதிப் பெரிதாக்கவில்லை.

குறை உண்டு. வெள்ளைக்கார முக்குளிப்பாளர்களுக்கே படம் நெருக்கமாக இருக்கிறது; சிறுவர்கள் கடைசிவரை கூட்டமாகவே தெரிகிறார்கள். 147 நிமிடம் என்பதும் நீளம்தான். இருந்தாலும் 'தி 33'ஐயும் இதையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். முன்னது நம்மை அழவைக்கப் பாடுபடுகிறது. பின்னது அடுத்த சிலிண்டரை எங்கே வைப்பது என்று யோசிக்கிறது, அதிலேயே நமக்குத் தொண்டை அடைக்கிறது.

இந்த வரிசையில் வீணாய்ப்போன நல்ல கதை என்றால் 'மிஷன் ராணிகஞ்ச்' (2023). 1989 நவம்பரில் மேற்கு வங்காளத்தின் மகாபீர் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. ஆறு பேர் இறந்தார்கள், 65 பேர் உள்ளே மாட்டினார்கள். இஞ்சினியர் ஜஸ்வந்த் சிங் கில் இரும்பில் ஒரு கூண்டு செய்யவைத்து, அதில் தானே இறங்கி, எல்லோரையும் அனுப்பிய பிறகு கடைசியில் ஏறி வந்தார். சிலிக்கு 21 ஆண்டுகள் முன்பு. (இந்தக் கூண்டு யோசனைக்கு மூலம் ஜெர்மனி. 1955இல் டால்புஷ் சுரங்கத்தில் முதலில் செய்தது, 1963இல் லெங்கெடேயில் மறுபடி கைகொடுத்தது.) ஒரு பட்டறையில் கூண்டு வெல்டிங் ஆவதை மட்டும் பொறுமையாகக் காட்டியிருந்தாலே போதும். படமோ அக்‌ஷய் குமாரைச் சுற்றியே சுழல்கிறது. எதிரணி அதிகாரி ஒருவரின் சூழ்ச்சி, கைதட்டலுக்காக எழுதிய வசனங்கள், கணினி வரைகலைத் தண்ணீர். படம் வந்த அடுத்த மாதமே உத்தராகண்ட் சில்க்யாராவில் 41 தொழிலாளர்கள் சுரங்கப்பாதையில் சிக்கினார்கள். இயந்திரம் உடைந்து நின்றபின், எலி வளை போன்ற குறுகலான சுரங்கம் தோண்டிப் பழகிய 'எலிவளை'த் தொழிலாளர்கள் கையால் தோண்டி 17ஆம் நாள் வழி திறந்தார்கள். நாயகன் என்று யாரையும் தனியாகக் காட்ட முடியாத அந்த மீட்புதான் படத்தைவிடச் சுவாரசியமாக இருந்தது.

என்னிடம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கிம் சியோங்-ஹூன் இயக்கிய கொரியப் படம் 'டனல்' (2016). இது கற்பனைக் கதை. கார் விற்பனையாளர் ஒருவர் மகளின் பிறந்தநாள் கேக்கோடு வீட்டுக்குப் போகிறார். புதிதாகக் கட்டிய மலைச் சுரங்கப்பாதை அவர் மேல் இடிந்து விழுகிறது. கையிருப்பு: இரண்டு பாட்டில் தண்ணீர், கேக், 78 சதவீதம் சார்ஜ் உள்ள போன். இந்த எண்ணை மறக்க முடியாது, ஏனென்றால் படம் முழுக்க நாமும் அதை எண்ணிக்கொண்டே இருக்கிறோம். மீட்புக்கு ஒரு வாரம் ஆகும் என்று சொல்கிறார்கள், அவர் பாட்டிலில் கோடு போட்டு அளந்து குடிக்கிறார். பிறகு இடிபாட்டில் இன்னொரு பெண்ணும் உயிரோடு இருப்பது தெரிகிறது, அவள் தண்ணீர் கேட்கிறாள். அந்த நேரத்தில் அவர் முகத்தில் வந்துபோகும் தயக்கம் இருக்கிறதே, மற்ற எந்தப் படமும் தன் நாயகனுக்குக் கொடுக்கத் துணியாத ஒன்று.

மேலே நடப்பதும் அதே கூர்மையோடு இருக்கிறது, கூடவே சிரிப்பும். நிருபர் ஒருவர் பேட்டிக்காக உள்ளே போன் போட்டு சார்ஜைத் தின்கிறார். மந்திரி வந்து, சிக்கியவரின் மனைவியோடு படம் எடுத்துக்கொள்கிறார். நாள்கணக்கில் துளை போட்டபின் இடம் தப்பு என்று தெரிகிறது: வரைபடத்தில் உள்ளபடி சுரங்கத்தைக் கட்டவே இல்லை. சிறுநீரைக் குடிக்கச் சொன்ன மீட்புக்குழுத் தலைவர், சொன்ன குற்ற உணர்ச்சியில் தானும் அதைச் செய்து பார்க்கிறார். பிறகு மீட்புப் பணியில் ஒரு தொழிலாளி சாகிறார், பக்கத்துச் சுரங்கப்பாதை வேலை தள்ளிப்போகிறது, ஊர் மெதுவாகக் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறது. ஒரு ஆளுக்காக எவ்வளவு செலவு? அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று யார் சொன்னது? பக்கத்துச் சுரங்கப்பாதை வேலையைத் தொடரச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டு அவர் மனைவியிடம் வருகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் மூழ்கி, அரசு மீட்கத் தவறியது என்று கொரியாவே கொதித்த 2014 சேவோல் கப்பல் விபத்துக்குப் பின் வந்த படம் இது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் இந்தக் காட்சிகளின் சூடு இன்னும் ஏறும்.

'அறம்' கத்திச் சொல்வதை 'டனல்' சிரித்துக்கொண்டே சொல்கிறது, 'மஞ்சும்மல் பாய்ஸ்' உடம்பால் காட்டுவதையும் விட்டுவிடவில்லை. நாயகன் ஹா ஜுங்-வூ பாதிப் படத்தைக் கார் இருக்கையில் தனியாகவே நடித்துத் தள்ளியிருக்கிறார்.

பழசும் ஒன்று வேண்டுமென்றால் பில்லி வைல்டரின் 'ஏஸ் இன் தி ஹோல்' (1951). 1925இல் கென்டக்கி குகையில் சிக்கி இறந்த ஃப்ளாய்ட் காலின்ஸைச் சுற்றித் திருவிழாக் கூட்டம் கூடியதை மனதில் வைத்து எழுதியது. இதில் சிக்கியவரைச் சீக்கிரம் வெளியே எடுக்க வழி இருக்கிறது. செய்தி நாலு நாள் ஓட வேண்டும் என்பதற்காக கிர்க் டக்ளஸின் நிருபர் மெதுவான வழியைத் தேர்வு செய்ய வைக்கிறார். மலையடிவாரத்தில் ராட்டினமே வந்து நிற்கிறது. வெளியானபோது படம் ஓடவில்லை. பாராமவுண்ட் நிறுவனம் பெயரை 'தி பிக் கார்னிவல்' என்று மாற்றிப் பார்த்தது, அப்போதும் ஓடவில்லை. பார்வையாளர்கள் தங்களையே திரையில் பார்த்திருப்பார்கள்.

மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுபவர்கள் 'தர்ட்டீன் லைவ்ஸ்' கடைசி ஒரு மணி நேரத்தையும் 'மஞ்சும்மல் பாய்ஸ்' இரண்டாம் பாதியையும் பகலில் பார்ப்பது நல்லது. குழந்தைகளோடு பார்க்க 'டனல்' தோதானது, அதில் ஒரு நாய்க்குட்டியும் வருகிறது. கேக்கை யார் சாப்பிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டேன்.