பையில் ஆறே இடம்: 1996இன் ‘ரெசிடென்ட் ஈவில்’ இன்றும் ஏன் பதற வைக்கிறது

ஜோம்பிகள் உலவும் மாளிகையில் மாட்டிக்கொள்ளும் இந்த வீடியோ கேமில், முதல் ஜோம்பி மெல்லத் திரும்பிப் பார்க்கும் காட்சி இன்று யாரையும் உலுக்காது. உருவங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல இருக்கின்றன. வசனங்களைக் கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் பொருள்களை வைக்கும் பையைத் திறந்து பார்த்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கிறிஸ், ஜில் என்ற இரு பாத்திரங்களில் ஒருவரைத் தேர்ந்து ஆட வேண்டும். பையில் கிறிஸுக்கு ஆறு இடம், ஜில்லுக்கு எட்டு. துப்பாக்கி, தோட்டா, மூலிகை, டைப்ரைட்டர் ரிப்பன் என்று வைத்தால் கிறிஸ் கணக்கில் நாலு போச்சு. மீதி இரண்டில் ஒரு சாவி, ஒரு புதிர்ப்பொருள். வேண்டாததைக் கீழே போடவும் வழியில்லை. பொருள்களைச் சேமிக்கும் பெட்டி இருக்கும் அறைவரை நடக்க வேண்டும். ஒரு பெட்டியில் வைத்ததை எந்தப் பெட்டியிலும் எடுக்கலாம் என்பது மட்டும் இயக்குநர் ஷின்ஜி மிகாமியின் குழு காட்டிய கருணை. ஆட்டத்தை டைப்ரைட்டரில்தான் சேமிக்க முடியும், ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு ரிப்பன் காலி.

கைத்துப்பாக்கியால் ஒரு ஜோம்பியைச் சாய்க்க ஆறேழு தோட்டா ஆகும். கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டால் பாதியிலேயே கை வறண்டுவிடும். திரும்பத் திரும்பப் போய்வரும் நடைவழியை மட்டும் சுத்தம் செய்யுங்கள். ஒரே தடவை நுழையும் அறையில் சுற்றிப்போய் ஓடிவிடுங்கள். ஷாட்கன் கிடைத்ததும் நெருங்கவிட்டு மேல்நோக்கிக் குறிவைத்தால் ஒரே குண்டில் தலை தெறிக்கும். சிவப்பு மூலிகை தனியாக உதவாது. பச்சையோடு கலந்தால் முழு உடல்நிலையும் திரும்பும். நீலம் விஷத்துக்கு. ஆனால் பரணில் இருக்கும் பெரிய பாம்பு கடித்தால் அதுவும் பலிக்காது, சீரம் என்ற விஷமுறிவு மருந்துதான் வேண்டும்.

காவலர் விடுதியை முடித்துவிட்டு மாளிகைக்குத் திரும்பும் கட்டம்தான் இந்த விளையாட்டின் உச்சம். மனப்பாடமான அதே வழிகள். ஆனால் இப்போது அங்கே உலவுவது ஹண்டர்கள் என்ற கொடிய உயிரினங்கள். உடல்நிலை குறைந்திருக்கும்போது பாய்ந்து தலையையே சீவிவிடும். தெரிந்த வீடு அந்நியமாகும் அந்த அரைமணி நேரத்துக்காகவே வாங்கலாம்.

திசைக்கட்டுப்பாடு பலரை விரட்டும். மேலே அழுத்தினால் பாத்திரம் பார்க்கும் பக்கம் நடக்கும், இடவலம் அழுத்தினால் நின்ற இடத்தில் திரும்பும். கேமரா கோணம் சட்டென்று மாறினாலும் ஓட்டம் தடுமாறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அரைமணியில் கைக்குப் பழகிவிடும். சட்டெனப் பின்னால் திரும்பும் வசதி இல்லாததுதான் உண்மையான குறை. கதவு திறக்கும் காட்சி ஒவ்வொரு தடவையும் வரும். குறுந்தகட்டிலிருந்து அடுத்த அறையை ஏற்றும் நேரத்தை மறைக்க வைத்த திரை அது.

மூலப் பதிப்பு 2024 முதல் ஜிஓஜி என்ற கேம் விற்கும் இணையதளத்தில் கிடைக்கிறது, புதிய விண்டோஸிலும் ஓடும். புதியவர்கள் ஜில்லை எடுங்கள்: கூடுதலாக இரண்டு இடம், பூட்டுத் திறக்கும் கம்பி. பழைய தோற்றம் ஒத்துவராது என்றால் 2002 மறுஆக்கத்தின் 2015 எச்டி பதிப்பு இருக்கிறது. அதில் புதுக் கட்டுப்பாட்டைத் தேர்ந்தால் ஜோம்பிகளிடமிருந்து நழுவுவது எளிது, பயம் அந்த அளவுக்குக் குறையும். அதற்கு ஈடாக அதில் வேறொரு செலவு: தலை போகாமல் விழுந்த ஜோம்பியை எரிக்காவிட்டால் பின்னால் வேகமாக எழுந்து துரத்தும். எரிக்க மண்ணெண்ணெய்க் குடுவை வேண்டும். அதுவும் பையில் ஓர் இடத்தைப் பிடிக்கும். ஒரு முறை நிரப்பினால் இரண்டு தடவைதான் ஊற்ற வரும்.