ஹேக்கத்தானா, ஐசிபிசியா, திறமூலமா, பயிற்சிப் பணியா? பினாங்கு கணினி மாணவருக்கான ஒப்பீடு

குளுகோரில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் சரி, தீவில் உள்ள தனியார் கல்லூரிகளில் சேர்ந்தாலும் சரி, முதல் பருவம் பாதி தாண்டுவதற்குள் வாட்ஸ்அப் குழுக்களில் அழைப்புகள் குவிந்துவிடும். ஓரிரு நாளில் ஒரு செயலியைக் கட்டிக் காட்டும் ஹேக்கத்தான், ஐசிபிசி என்ற பல்கலைக்கழகக் குழுக்களுக்கான நிரலாக்கப் போட்டி, சிடிஎஃப் என்ற கணினிப் பாதுகாப்புப் போட்டி, திறமூல அமைப்புகளுக்கு நிரலெழுத உதவித்தொகை தரும் கூகிள் சம்மர் ஆஃப் கோட், விடுமுறைக்காலப் பயிற்சி. பெரும்பாலானவற்றில் சான்றிதழ் உண்டு, சிலவற்றில் டி-சட்டையும் உண்டு. அதனால் அவற்றை வைத்து ஒப்பிட்டுப் பயனில்லை. இங்கே எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு: நீங்கள் எழுதிய நிரல் தவறு என்று யார் சொல்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்கள், காரணத்தையும் சொல்கிறார்களா? இந்த ஒன்றில்தான் இவை ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன.

ஐசிபிசி: உடனடித் தீர்ப்பு, விளக்கம் கிடையாது

மூன்று பேர், ஒரே கணினி, ஐந்து மணி நேரம், பெரும்பாலும் பத்து முதல் பதின்மூன்று கணக்குகள். நிரலை அனுப்பிய சற்று நேரத்தில் பதில் வரும்: சரி, தவறான விடை, நேரம் மீறியது, பாதியில் முறிந்தது. எந்தச் சோதனையில் விழுந்தது என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் 20 நிமிடத் தண்டம். ஆனால் அந்தக் கணக்கைக் கடைசியில் தீர்த்தால்தான் தண்டம் ஏறும். ஆகவே முடிவு நெருங்கும்போது, பாதி நம்பிக்கையுள்ள விடையைத் துணிந்து அனுப்புவதில் நட்டமில்லை. கடைசி ஒரு மணி நேரம் மதிப்பெண் பலகை உறைந்துவிடும். அதற்குப் பிறகு பிற குழுக்களைப் பார்த்து எந்தக் கணக்கு எளிது என்று ஊகிக்க முடியாது.

புதிய குழுக்கள் விழுவது அறிவு போதாமல் அல்ல, வரம்பைப் படிக்காமல். தரவு 200,000 எண்கள் என்று கேள்வியில் போட்டிருக்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் (லூப்) எழுதினால் 40 பில்லியன் படிகள். ஒரு நொடிக்கு ஏறத்தாழ 100 மில்லியன் எளிய செயல்கள் என்பதே போட்டியாளர்களின் கைக்கணக்கு. இரண்டு நொடி வரம்பில் அது எங்கே முடியும்? அதையே வரிசைப்படுத்தித் தீர்த்தால் நான்கு மில்லியனுக்குள் அடங்கும். அடுத்த வழக்கமான சறுக்கல், சி++ மொழியின் சாதாரண முழு எண் 2,147,483,647ஐத் தாண்டாது என்பதை மறப்பது. சிறு எடுத்துக்காட்டுகளில் விடை சரியாக வரும், பெரிய சோதனையில் எதிர்மறை எண் வரும். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேகம் குறைவு, உள்ளீட்டை ஒவ்வொரு வரியாகப் படித்தாலே நேரம் போய்விடும்.

மூவருக்கும் தனித்தனி மடிக்கணினி வைத்துப் பயிற்சி செய்யும் குழுக்கள் போட்டி நாளில் திணறும். கணினி ஒன்றுதான் என்பதால் இருவர் தாளில் எழுதப் பழக வேண்டும். பிழை வந்த நிரலை அச்செடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும், விசைப்பலகை அடுத்தவருக்கு. தனிப் பயிற்சிக்கு நேரம் வசதியாகவே இருக்கிறது: ஆட்கோடர் என்ற போட்டித் தளத்தின் தொடக்கநிலைப் போட்டி வழக்கமாகச் சனிக்கிழமை நம் நேரம் இரவு 8 மணிக்கு, 100 நிமிடம். கோட்ஃபோர்சஸ் தளத்தின் சுற்றுகள் பெரும்பாலும் இரவு 10.35க்கு. மறுநாள் காலை 8 மணிக்கு வகுப்பு இருந்தால் இரண்டாவதைத் தவிர்ப்பதே நல்லது.

பதிவு பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் நடக்கும். பயிற்றுநராகப் பெயர் கொடுக்க ஒரு விரிவுரையாளர் வேண்டும். அவரைப் பிடிப்பதே பாதி வேலை. கோலாலம்பூர் வட்டாரப் போட்டியைக் கோம்பாக்கில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் பலமுறை நடத்தியிருக்கிறது. நேரில் போக வேண்டி வந்தால் பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். பயணச் செலவுக்குக் கல்விப்புலத்தில் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

இதில் கிடைக்காதது என்ன? உங்கள் நிரலை இன்னொரு மனிதர் படிப்பதே இல்லை. மாறிக்குப் பெயர் ‘அ’ என்றிருந்தாலும் இயந்திரத்துக்கு ஒன்றுதான். ஐந்து மணி நேரம் கழித்து அது குப்பைக்குப் போகும். நான்கு ஆண்டும் இதிலேயே இருந்தவர்களின் நிரலை அலுவலகத்தில் சக ஊழியர்கள் படிக்கச் சிரமப்படுவது இதனால்தான்.

சிடிஎஃப் பற்றிச் சுருக்கமாக

கணினிப் பாதுகாப்பில் ஆர்வமிருந்தால் ஐசிபிசிக்குப் பதில் இது. கொடி எனப்படும் ஒரு சரத்தைக் கண்டுபிடித்தால் புள்ளி. கிடைத்ததா இல்லையா என்பதில் ஐயமே கிடையாது. ஐசிபிசியைவிட ஒரு படி மேலாக, போட்டி முடிந்ததும் மற்றவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்ற குறிப்புகள் பொதுவில் வந்துவிடும். அவற்றைப் படிப்பதில்தான் உண்மையான கல்வி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பிகோசிடிஎஃப் தளத்தில் தொடங்கலாம், இலவசம். ஓர் எச்சரிக்கை மட்டும்: கற்ற வித்தையைக் கல்லூரி இணையதளத்தில் ‘சும்மா’ சோதித்துப் பார்க்கக் கூடாது. 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி நுழைந்தாலே 50,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

ஹேக்கத்தான்: கூட்டம் அதிகம், திருத்தம் குறைவு

24 அல்லது 48 மணி நேரம், மூன்று முதல் ஐந்து பேர், கடைசியில் சில நிமிட விளக்கம். ஐசிபிசியில் இயந்திரம் உங்கள் நிரலின் ஒவ்வொரு மூலையையும் சோதிக்கிறது. ஹேக்கத்தானில் நடுவர்கள் நிரலைத் திறந்துகூடப் பார்ப்பது அரிது. திரையில் தெரிவதற்கும் பேச்சுக்கும்தான் மதிப்பெண். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பேசக் கூச்சப்படும் மாணவருக்கு இதைப்போல் மேடை வேறெங்கும் கிடைக்காது. ஆனால் இதில் வென்றதை வைத்து நிரலெழுதத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

நேரத்தை இப்படிப் பிரித்தால் பிழைக்கலாம். 24 மணி நேரப் போட்டியில் முதல் ஒன்றரை மணி நேரம் நிரலே எழுத வேண்டாம். யாருக்கு, என்ன தொல்லை, எந்த ஒரே ஒரு பயன்பாட்டுப் பாதையைக் காட்டப்போகிறோம் என்று தாளில் எழுதுங்கள். பதினாறாவது மணிக்குப் பிறகு புதிய அம்சம் எதுவும் சேர்க்காதீர்கள். மிச்ச நேரம் செயல்விளக்கத்துக்கு. பயனர் பதிவு, கடவுச்சொல் மீட்பு போன்றவற்றைக் கட்டுவது வீண். நடுவருக்கு நுழைவுப் பக்கம் காட்டி யாரும் வென்றதில்லை.

கெட்டுப்போகும் இடங்களும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். ஒரே கோப்பை மூவர் திருத்தி, விடியற்காலை நான்கு மணிக்கு ஒன்றுசேர்க்கும்போது, நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் மோதல் வரும். தொடக்கத்திலேயே கோப்புகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுங்கள். இலவச வழங்கியில் ஏற்றிய செயலி, பயன்பாடு இல்லாவிட்டால் உறங்கிவிடும். ரெண்டர் தளத்தின் இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் அப்படித்தான், மீண்டும் விழிக்க ஒரு நிமிடம்வரை ஆகலாம். நடுவர் முன் அந்த ஒரு நிமிடம் நெடுநேரம். உங்கள் முறை வரும் முன் ஒருமுறை திறந்து வையுங்கள். வைஃபை போனால் காட்ட, திரைப்பதிவு ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

இவற்றைவிடப் பெரிய ஆபத்து, மேகச் சேவையின் ரகசியச் சாவியை நிரலுக்குள்ளேயே எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் பொதுவில் ஏற்றுவது. அடுத்த கமிட்டில் (பதிவில்) அழித்தாலும் பழைய வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். சேவையின் பக்கத்துக்குப் போய்ச் சாவியையே ரத்து செய்து புதிது எடுப்பதுதான் வழி. பதிவு செய்யும் முன் விதிமுறையில் அறிவுசார் உடைமை பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். படைப்பு முழுவதும் ஏற்பாட்டாளருக்கே என்று எழுதியிருந்தால் நல்ல யோசனையை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

ஆண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். மூன்றாவது ஹேக்கத்தானில் புதிதாகக் கற்பது மாமாக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பதைத்தான்.

திறமூலம்: தாமதமான பதில், ஆனால் காரணத்தோடு

திறமூலம் என்றால் மூலநிரலை யாரும் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய மென்பொருள். மேலே சொன்ன எதிலும் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும். அனுபவமுள்ள ஒருவர் உங்கள் நிரலை வரிவரியாகப் படித்து, இந்த வரி ஏன் கூடாது என்று எழுதுவார். அதற்கு ஒரு நாளும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள்.

கூகிள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். திட்டங்கள் 90, 175, 350 மணி நேரம் என மூன்று அளவு. பெரியதற்கான உதவித்தொகை, வாழும் நாட்டைப் பொறுத்து 3,000 முதல் 6,600 அமெரிக்க டாலர் வரை. 45 விழுக்காடு இடைமதிப்பீட்டுக்குப் பின், மீதி கடைசியில். ஹேக்கத்தான் பரிசை நால்வர் பிரித்துக்கொள்வதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பங்கேற்கும் அமைப்புகளின் பட்டியல் பிப்ரவரி வாக்கில் வரும், விண்ணப்பம் மார்ச் இறுதி, ஏப்ரல் தொடக்கத்தில் முடியும். பட்டியல் வந்த பிறகு தொடங்குபவர் ஏற்கெனவே பிந்திவிட்டார். முந்தைய ஆண்டுகளில் இடம்பெற்ற அமைப்பு ஒன்றை டிசம்பரிலேயே தேர்ந்தெடுத்து, அதன் மூலநிரலை உங்கள் மடிக்கணினியில் தொகுத்து (கம்பைல் செய்து) பாருங்கள். 8 ஜிபி நினைவகத்தில் எல்எல்விஎம், குரோமியம் போன்ற மிகப் பெரிய மூலநிரல்களைத் தொடாதீர்கள். தொகுப்பு முடியாது, முடிந்தாலும் வட்டில் இடமிருக்காது. பிறகு ஒரு சிறு பிழையைத் திருத்தி அனுப்புங்கள். ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்தியவை கணக்கில் வராது. செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைப் புரிந்துகொள்ளாமல் அனுப்பினால் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வீர்கள். நிரலைச் சரிபார்த்து ஏற்கும் பராமரிப்பாளர்கள் இப்போது அதில் ரொம்பவே சலித்துப்போயிருக்கிறார்கள்.

தமிழ் தெரிந்த மாணவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 5 என்னும், நமக்கு மூன்றெழுத்து. த, ம, ழ என்ற எழுத்துகளும், அவற்றோடு சேரும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி யூனிகோடு இடங்களில் இருப்பதே காரணம். இதனால் எழுத்து எண்ணும் செயலி, சொல்லைப் பாதியில் வெட்டும் பொத்தான், பின்னழிப்பு விசை என்று எத்தனையோ இடங்களில் தமிழ் உடைகிறது. மற்ற மொழிக்காரர் கண்ணில் அது படுவதே இல்லை. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் எழுத்துகளை எப்படிப் பிரிக்கிறது என்று படித்துவிட்டு, நீங்கள் பயன்படுத்தும் ஏதாவதொரு செயலியில் அந்தப் பிழையைத் தேடுங்கள். முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாட்டில், 2001இல் தமிழ் இணைய மாநாடு நடந்த நாட்டில், இந்த வேலைக்கு ஆள் குறைவாக இருப்பதுதான் வியப்பு.

இடைஞ்சல் ஒன்று, நாள்காட்டி. நிரலெழுதும் காலம் மே இறுதி, ஜூன் வாக்கில் தொடங்கும். நம் அரசுப் பல்கலைக்கழகங்களில் அது இரண்டாம் பருவத் தேர்வை நெருங்கும் நேரம். வழக்கமான காலம் 12 வாரம்தான் என்றாலும் வழிகாட்டி ஒப்புக்கொண்டால் 22 வாரம் வரை நீட்டலாம். தேர்வுத் தேதிகளை விண்ணப்பத்திலேயே எழுதிவிட்டால் யாரும் குறை சொல்வதில்லை, நடுவில் காணாமல் போனால்தான் வெளியேற்றுவார்கள்.

பயிற்சிப் பணி: பாயான் லெப்பாஸ் என்ன கேட்கிறது

கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இது. கோலாலம்பூர் மாணவருக்கு வங்கிகளும் செயலி நிறுவனங்களும் நிறைய. பினாங்கில் நிலை வேறு. 1972 முதல் இன்டெல், ஏஎம்டி என்று தொடங்கி வளர்ந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வன்பொருளை ஒட்டிய நிரல்தான் அதிகம்: சி மொழி, லினக்ஸ், சோதனைகளைத் தானியக்கும் பைத்தான். நேர்காணலில் சி மொழியின் சுட்டி (பாயின்டர்) எப்படி இயங்குகிறது, ஒரு எண்ணின் மூன்றாவது பிட்டை எப்படி மாற்றுவது என்று கேட்பார்கள். இத்தகைய மேசையின்முன், ஹேக்கத்தானில் கட்டிய அழகான கைப்பேசிச் செயலியைவிட ஐசிபிசிப் பயிற்சி எடுபடும். சி மொழியில் எழுதிய திறமூலத் திருத்தம் ஒன்று ஏற்கப்பட்டிருந்தால் அதற்கும் மேல். மென்பொருள் நிறுவனத்துக்குப் போவதானால் இந்த வரிசை மாறும், ஹேக்கத்தானுக்கும் மதிப்புண்டு.

விண்ணப்பத்தை நான்கு முதல் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள், சுயவிவரம் ஒரே பக்கம். திருத்தம் கிடைப்பதில் பயிற்சிப் பணி ஒரு சீட்டுக்குலுக்கல்: நல்ல மேற்பார்வையாளர் அமைந்தால் அன்றாடம் கற்கலாம், இல்லாவிட்டால் பருவம் முழுவதும் எக்செல் அட்டவணை நிரப்ப வேண்டியதுதான். முன்கூட்டியே கண்டுபிடிக்க நேர்காணலின் முடிவில் கேளுங்கள்: இதற்கு முன் பயிற்சிப் பணிக்கு வந்த மாணவர் என்ன செய்தார்? அவர் எழுதிய நிரல் இன்னும் ஓடுகிறதா? என் நிரலைச் சரிபார்ப்பவர் யார்? மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லி விடை வராவிட்டால் வேறு இடமும் பார்த்து வையுங்கள்.

இன்னொரு குறை, அங்கே எழுதிய நிரலை வெளியே காட்ட முடியாது. கையெழுத்திட்ட ரகசியக் காப்பு ஒப்பந்தம் தடுக்கும். எந்த வகை வேலை, எந்தக் கருவிகள், எவ்வளவு நேரம் மிச்சமானது என்ற அளவில் எதைச் சுயவிவரத்தில் எழுதலாம் என்று மேற்பார்வையாளரிடம் கடைசி மாதத்தின் தொடக்கத்திலேயே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை உங்கள் சொந்த முகவரிக்கே அனுப்பச் சொல்லுங்கள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் நிறுவன அஞ்சல்பெட்டியை நீங்கள் திறக்க முடியாது.