லேண்ட்லைனைக் குடோன் வரை நீட்ட: சும்மா கிடக்கும் நீல ஜோடியா, ஐபி பெட்டியா?

மணி அடிக்கும் இடத்தில் ஆள் இல்லை, ஆள் இருக்கும் இடத்தில் மணி இல்லை. என் மாமாவின் அரிசி ஆலையில் பிரச்சினை இவ்வளவுதான். லேண்ட்லைன் ரோட்டோர ஆபீசில் இருக்கிறது. மனுஷர் பகல் முழுக்க இருப்பது சுமார் 160 மீட்டர் பின்னால், குடோனில். "எல்லாரும் செல்லு வச்சிருக்காங்களே, அந்த நம்பரையே கொடுத்துடலாமே" என்று சொல்லிப் பார்த்தேன். "மாப்ளே, இந்த நம்பர் சாக்குல அச்சடிச்சிருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கால் ஃபார்வர்டு போட்டால் வருகிற அழைப்பு செல்லுக்கு வந்துவிடும்தான், ஆனால் அங்கிருந்து திருப்பிக் கூப்பிட்டால் வியாபாரிக்குத் தெரிவது வேறு நம்பர். அதுவும் ஆகாது. லைனைத்தான் நீட்ட வேண்டும்.

ஆபீஸ் மாடியில் கணக்குப் பார்க்கும் அறைக்கு ஏற்கெனவே ஒரு கேட்-5இ நெட்வொர்க் கேபிள் போயிருக்கிறது. குடோனுக்கு சிசிடிவிக்காகப் போட்ட ஃபைபர் இருக்கிறது. மாடியிலும் ஒரு போன் வேண்டும், குடோனிலும் ஒன்று வேண்டும் என்றார். ஆக, ஒரே லைனை இரண்டு விதமாக நீட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

முதலில் எல்லோரும் மறந்துபோகும் வழி. நெட்வொர்க் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் லேனுக்கு (வளாகத்துக்குள் ஓடும் நெட்வொர்க்குக்கு) அதில் இரண்டே ஜோடி போதும், ஆரஞ்சும் பச்சையும். 4, 5 ஆம் பின்களில் போகும் நீல ஜோடியும் 7, 8 இல் போகும் பிரவுன் ஜோடியும் சும்மா கிடக்கும். போன் லைனுக்கு வேண்டியது ஒரே ஒரு ஜோடி. இரண்டு முனையிலும் நீலத்தைப் பிரித்து, ஒரு பக்கம் வெளி லைன் வந்து சேரும் ரோசெட் பெட்டியிலும் மறுபக்கம் போன் சாக்கெட்டிலும் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. பெட்டி இல்லை, அடாப்டர் இல்லை, பாஸ்வேர்டு இல்லை. லேனுக்கு இருக்கும் 100 மீட்டர் எல்லை போனுக்குக் கிடையாது. கேட்-5இ கம்பியில் போக வர 100 மீட்டருக்கு ஏறக்குறைய 19 ஓம்தான் தடை, எக்ஸ்சேஞ்சிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடி வந்த லைனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கரண்ட் போனாலும் மணி அடிக்கும், ஏனென்றால் 48 வோல்ட் அங்கிருந்தே வருகிறது.

ஆனால் இதில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மாடியில் நீலத்தைச் சரியாகப் பிரித்துவிட்டு, கீழே ஸ்விட்சுக்குப் போகும் முனையை எட்டுக் கம்பியோடு அப்படியே சொருகி வைத்துவிட்டேன், அதே நீலத்தில் லைனையும் ஒட்டுப் போட்டபடி. 100 எம்பிபிஎஸ் சாதனங்கள் பலவற்றில் 4 ஆம் பின்னும் 5 ஆம் பின்னும் உள்ளே ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கும். லைனின் இரண்டு கால்களையும் முடிச்சுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. போனை யாரோ எடுத்தே வைத்திருக்கிறார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து கூப்பிட்டால் எங்கேஜ். அரை நாள் லைனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு புது பிளக்கை நான்கு கம்பியோடு கிரிம்ப் செய்தேன், சரியானது.

இந்த வழிக்கு இன்னும் இரண்டு பகைவர்கள். ஒன்று, கிகாபிட். 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும், நீலத்தை எடுத்தால் இணைப்பு 100க்கு இறங்கும், சில சமயம் சேரவே சேராது. இரண்டு, கேபிள் வழியே கேமராவுக்கு மின்சாரம் அனுப்பும் பிஓஇ. விலை குறைந்த 100 எம்பிபிஎஸ் பிஓஇ ஸ்விட்சுகள் பல அந்த நீலத்திலும் பிரவுனிலும்தான் மின்சாரத்தை ஏற்றுகின்றன. அங்கே போய் லைனைக் கோத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மணி அடிக்கும்போது லைனில் 75 வோல்ட் அளவில் ஏசி வரும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கை வைத்தால் சுருக்கென்று இருக்கும்.

கட்டிடத்துக்குக் கட்டிடம் செம்புக் கம்பி இழுப்பது இன்னொரு கதை. ஐப்பசி மாதத்து இடிக்கு முன்னால் 160 மீட்டர் கம்பி என்பது இரண்டு பக்கமும் உள்ள எல்லாச் சாமான்களையும் இடிக்கு நேர்ந்துவிட்ட மாதிரி. இரண்டு முனையிலும் சர்ஜ் அரெஸ்டர் போட்டு நல்ல எர்த்தும் கொடுத்தால் ஓரளவு தாங்கும், ஆனால் குடோனில் நல்ல எர்த் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் (எங்கள் குடோனில் இல்லை). ஏற்கெனவே ஃபைபர் போயிருக்கும்போது பக்கத்திலேயே செம்பு இழுப்பது எனக்கு மனசு வரவில்லை.

கார்ட்லெஸ் போனை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். டெக்ட் வகைக் கார்ட்லெஸ்களின் அட்டைப்பெட்டியில் திறந்தவெளியில் 300 மீட்டர், கட்டிடத்துக்குள் 50 மீட்டர் என்று போட்டிருக்கும். நடுவில் நெல் மூட்டை அடுக்கும் தகரக் கொட்டகையும் இருந்தால் அந்த 300 கணக்கெல்லாம் பேப்பரோடு சரி. ஆபீசுக்கும் மாடிக்கும் ஆகும், குடோனுக்கு ஆகாது.

சரி, ஐபி பெட்டி: போன் குரலை நெட்வொர்க் பொட்டலங்களாக மாற்றி அனுப்பி, மறுமுனையில் திரும்பக் குரலாக்கும் பெட்டி. இதில் முதலில் மண்டையில் ஏற வேண்டியது எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ என்ற இரண்டு துளைகளின் வேறுபாடு. எஃப்எக்ஸ்எஸ் துளை எக்ஸ்சேஞ்ச் வேஷம் போடுகிறது: டயல்டோன் கொடுக்கும், மணி அடிக்கும், அதில் போனைச் சொருக வேண்டும். எஃப்எக்ஸ்ஓ துளை போன் வேஷம் போடுகிறது: மணியைக் கேட்கும், லைனை எடுக்கும், வைக்கும், அதில் லைனைச் சொருக வேண்டும். மாற்றிச் சொருகினால் இரண்டு எக்ஸ்சேஞ்சுகள் ஒன்றுக்கொன்று மின்சாரம் தள்ளிக்கொண்டு நிற்கும், பெட்டி போய்விடலாம். கடையில் "போன் போடுற பெட்டி" என்று கேட்டால் பெரும்பாலும் எஃப்எக்ஸ்எஸ் மட்டும் உள்ளதைத்தான் கொடுப்பார்கள். நமக்கு ஆபீஸ் பக்கம் எஃப்எக்ஸ்ஓ உள்ள ஒன்று, குடோன் பக்கம் எஃப்எக்ஸ்எஸ் உள்ள ஒன்று, ஆக இரண்டு பெட்டி. கிராண்ட்ஸ்ட்ரீம் எச்டி813 இல் இரண்டு துளையும் ஒவ்வொன்று இருக்கிறது, எச்டி801 இல் ஒரே ஒரு எஃப்எக்ஸ்எஸ். ஒரு காலத்தில் லிங்க்சிஸ் எஸ்பிஏ3102, ஓபிஹாய் ஓபிஐ110 இரண்டும் இதே வேலைக்குப் பேர் போனவை, இப்போது பழைய சாமானாகத்தான் கிடைக்கும். நடுவில் சர்வர் எதுவும் வேண்டாம், இரண்டு பெட்டிக்கும் மாறாத ஐபி முகவரி கொடுத்து ஒன்றையொன்று நேராகக் கூப்பிடச் சொல்லலாம்.

நெட்வொர்க்குக்கு இது சுமையே இல்லை. ஜி.711 என்ற பழைய கோடெக்கில் (குரலை எண்களாக்கும் முறையில்) குரல் 64 கேபிபிஎஸ். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி, ஒவ்வொன்றின் ஐபி முகவரித் தலைப்புகளையும் சேர்த்தால் ஒரு திசைக்கு 80 கேபிபிஎஸ். கேமரா ஓடும் ஃபைபரில் இது தூசு. அதனால் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 8 கேபிபிஎஸ் ஜி.729 பக்கம் போகாதீர்கள், குரல்தான் கெடும். நம் ஊரில் ஜி.711 ஏ-லா வகையைத் தேர்ந்தெடுங்கள், மியூ-லா அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும். தாமதமும் பெரிதில்லை: ஒரு திசைக்கு 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சுக்குப் பாதகமில்லை என்பது உலகத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் கணக்கு, லேனுக்குள் அதன் பக்கமே போகாது. ஆனால் அந்தச் சின்னத் தாமதமே எதிரொலியைக் காட்டிக்கொடுக்கும். செம்பு லைனில் எப்போதும் கொஞ்சம் எதிரொலி உண்டு, உடனே திரும்பி வருவதால் காதுக்குத் தெரியாது. பெட்டிக்குள் புகுந்து தாமதமாக வந்தால் தெரியும். எஃப்எக்ஸ்ஓ பக்கத்தின் இம்பீடன்ஸ் (லைனோடு பொருந்த வேண்டிய மின்தடை) அமைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

தூக்கத்தைக் கெடுத்தது வேறு ஒன்று. போனை வைப்பது.

பேசி முடித்து எதிராளி வைத்துவிட்டார் என்று சிப் (SIP, ஐபி பெட்டிகள் அழைப்பைத் தொடங்கி முடிக்கும் முறை) உலகத்தில் ஒரு செய்தி போகும். செம்பு லைனில் பெரும்பாலும் அப்படி ஒன்று கிடையாது. எதிராளி வைத்ததும் எக்ஸ்சேஞ்ச் எங்கேஜ் டோனைப் போடும், மனுஷன் அதைக் கேட்டுப் போனை வைப்பான். இங்கே லைனை எடுத்து வைத்திருப்பது பெட்டி. அதற்கு அந்த டோன் புரிய வேண்டும். இந்தியாவில் எங்கேஜ் டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி ஒலி, முக்கால் நொடி மௌனம். அமெரிக்காவில் 480, 620 என்று இரண்டு ஒலிகள் சேர்ந்து, அரை நொடிக்கு அரை நொடி. நான் வாங்கிய பெட்டி அமெரிக்கக் கணக்கோடுதான் வந்தது. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு ஒருவர் குடோனுக்குக் கூப்பிட்டிருக்கிறார், அங்கே எடுக்க ஆளில்லை, அவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். பெட்டி மட்டும் விடியும்வரை லைனைப் பிடித்துக்கொண்டு எங்கேஜ் டோனைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் மாமா என்னைக் கூப்பிட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது. டோன் கணக்கை மாற்றி, எத்தனை முறை கேட்டால் லைனை விட வேண்டும் என்பதையும் போட்ட பிறகு ஒழுங்கானது. சில எக்ஸ்சேஞ்சுகளில் அழைப்பு முடிந்ததும் லைனின் பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாறும்; அந்த வசதி உங்கள் லைனில் இருந்தால் டோனை நம்பாமல் அதையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், அதுதான் சுத்தம்.

வருகிற அழைப்பிலும் ஒரு சூட்சுமம். பல பெட்டிகள் முதலில் லைனை எடுத்துவிட்டுத்தான் குடோன் போனை அடிக்கும். அதாவது இங்கே யாரும் எடுப்பதற்கு முன்பே கூப்பிட்டவருக்குக் கால் கனெக்ட் ஆகிவிட்டது, அவருக்கு மீட்டர் ஓடுகிறது. வேறு சில பெட்டிகளில் அந்தப் பக்கம் எடுத்த பிறகே லைனை எடு என்று சொல்ல அமைப்பு உண்டு, வாங்கும்போது அதை விசாரியுங்கள். கூப்பிடுபவரின் நம்பர் தெரிய வேண்டும் என்றால் அவசரப்படக் கூடாது: நம்பரை இரண்டு ஒலிகளாக மாற்றி அனுப்பும் எஃப்எஸ்கே முறையில் அது முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் நடுவில் வருகிறது, முதல் மணியிலேயே லைனை எடுத்தால் நம்பர் போச்சு. இரண்டு மணி பொறுக்கச் சொல்லுங்கள். அதனால் குடோன் போன் எப்போதும் ஆபீஸ் போனுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் அடிக்கும்.

இதையெல்லாம் நீல ஜோடியோடு வைத்துப் பாருங்கள். அங்கே கம்பி, இங்கே இரண்டு பெட்டி, இரண்டு ஃபைபர் கன்வெர்ட்டர், இரண்டு ஸ்விட்ச், எல்லாவற்றுக்கும் யுபிஎஸ். இவற்றில் ஒரு அடாப்டர் படுத்தால் போனும் படுக்கும். லைனில் ஃபேக்ஸோ டயல்-அப் மோடம் வைத்த பழைய கார்டு மெஷினோ இருந்தால் ஐபி பக்கம் கொண்டுபோகாமல் செம்பிலேயே விட்டுவிடுங்கள், ஃபேக்ஸுக்கு டி.38 என்று தனி வழி உண்டு, மோடத்துக்கு இந்த மாதிரிப் பெட்டிகளில் அதுவும் இல்லை. கம்பி போகக்கூடிய இடத்தில் ஐபி பெட்டி வாங்குவது வீண் செலவு என்பதுதான் என் கட்சி, கம்பி போகக் கூடாத இடத்தில் அதைவிட்டால் வேறு வழியில்லை என்பதும்.

நடுவில் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரை வைத்து ஆஸ்டெரிஸ்க் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருப்பார்கள். 1999 இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய, எக்ஸ்சேஞ்ச் வேலை பார்க்கும் மென்பொருள், இலவசம், கெட்டி. பத்து எக்ஸ்டென்ஷன், செல்போனில் ஆப் வழியாக லேண்ட்லைன், இரவில் பதிவுக்குரல் எல்லாம் வேண்டும் என்றால் அதுதான் வழி. ஒரு குடோன் போனுக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. அப்புறம் சிப் அழைப்புகள் வரும் அதன் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தால் முன்பின் தெரியாதவர்கள் உங்கள் செலவில் வெளிநாட்டுக்குப் பேச முயல்வார்கள், விபிஎன் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரே வளாகத்துக்குள் லேனில் நீட்டுவது ஒன்று, இணையம் வழியாக வேறு ஊருக்கு லைனைக் கடத்துவது வேறு ஒன்று. இரண்டாவதற்கு நம் நாட்டில் உரிம விதிகள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் லேண்ட்லைன் ஏற்கெனவே ஃபைபருக்கு மாறி, சுவரில் மாட்டிய ஓஎன்டி பெட்டியின் போன் துளையிலிருந்து வருகிறதா? அந்தத் துளையே ஒரு எஃப்எக்ஸ்எஸ்தான். குரல் ஐபியாக வந்து, அனலாக் ஆகி, நீங்கள் எஃப்எக்ஸ்ஓ போட்டால் மறுபடி ஐபி ஆகி, குடோனில் மறுபடி அனலாக் ஆகும். இட்லியை உதிர்த்து மாவாக்கித் திரும்பவும் இட்லி ஊற்றுகிற கதை. அதற்குப் பதில் இணைப்பு கொடுத்தவரிடம் சொல்லி ஓஎன்டியையே குடோனுக்கு நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். ஆள் எங்கே அதிகம் இருக்கிறாரோ அங்கே பெட்டி, மற்ற இடத்துக்கு முடிந்தால் நீல ஜோடி. கரண்ட் போனால் போனும் போகும் என்பது அங்கே எப்படியும் இருக்கிற குறை.

செம்பு லைன்காரர்கள் பெட்டி வாங்கப் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். செல்லிலிருந்து லேண்ட்லைனைக் கூப்பிட்டு, எடுத்து, செல்லை வைத்துவிட்டு, லேண்ட்லைனில் வரும் டோனை இன்னொரு செல்லில் அரை நிமிஷம் பதிவு செய்துகொள்ளுங்கள். அதை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்தால் எத்தனை ஹெர்ட்ஸ், எத்தனை நொடி ஒலி, எத்தனை நொடி மௌனம் என்று அளந்துவிடலாம். அந்த எண்களைப் பெட்டியின் அடியிலேயே ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், யாராவது ரீசெட் பட்டனை அமுக்கினால் உதவும். எங்கள் குடோனில் இதுவரை இரண்டு முறை அமுக்கியாகிவிட்டது.