ஜெயலலிதா, விஜயகாந்த்: யாருடைய கோபத்தை ஓட்டு தாங்கியது?

2006-லும் 2011-லும் விஜயகாந்த் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன். 2016-ல் இரட்டை இலைக்குப் போட்டேன். விருத்தாசலம் தொகுதியில் இது அபூர்வமான கதை இல்லை. 2006-ல் பாமக கோட்டை என்று சொல்லப்பட்ட இந்த ஊரில் விஜயகாந்தே நேரில் நின்று ஜெயித்தார். 2011-ல் அவர் ரிஷிவந்தியம் போய்விட்டாலும் இங்கே அவர் கட்சிக்காரர்தான் ஜெயித்தார். 2016-ல் அதிமுக எடுத்துக்கொண்டது. என்னைப்போல் கை மாறியவர்கள் எங்கள் தெருவிலேயே பத்துப் பேராவது இருப்பார்கள்.

ஏன் மாறினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "அவருக்குக் கோபம் அதிகம்" என்பதுதான். நானும் கொஞ்ச நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் யோசித்தபோது அந்தப் பதில் நிற்கவில்லை. கோபம்தான் காரணம் என்றால் ஜெயலலிதாவுக்கு எப்படிப் போட்டேன்? தமிழ்நாட்டு அரசியலில் அவரைவிடக் கோபத்துக்குப் பேர் போனவர் இன்னொருவர் உண்டா? இரண்டு கோபக்காரர்களில் ஒருவரை ஜனங்கள் விட்டுவிட்டார்கள், இன்னொருவரை மறுபடி மறுபடி கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அதனால் இரண்டு கோபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த வித்தியாசங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெயலலிதாவிடம் எம்ஜிஆர் கட்டிய கட்சி இருந்தது, இரட்டை இலை இருந்தது. விஜயகாந்த் 2005 செப்டம்பரில் மதுரையில் சொந்தமாகக் கட்சி தொடங்கியவர். அவர் முதல்வராக இருந்ததில்லை என்பதால் மிக்சி, கிரைண்டர், அம்மா உணவகம் என்று காட்ட அவரிடம் எதுவும் இல்லை. இதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் இது மட்டுமே காரணம் என்றால் 2006-ல் தனியாக நின்று எட்டு சதவீதத்துக்கு மேல், 2009-ல் பத்து சதவீதத்தை ஒட்டி ஓட்டு வாங்கிய கட்சி, 2016-ல் இரண்டரை சதவீதத்துக்கும் கீழே போனது எப்படி என்று விளங்காது. அப்போதும் அவரிடம் சின்னமும் ஆட்சியும் இல்லையே.

விஜயகாந்தின் கோபத்தை நாங்கள் முதலில் ரசித்தோம். அதை மறைக்கக் கூடாது. இருபது வருடம் திரையில் பார்த்துப் பழகிய கோபம் அது. லஞ்சம் வாங்குகிறவனைப் பார்த்தால் கண் சிவக்கும், குரல் ஏறும். மேடையிலும் அதே ஆள்தான் வந்தார், எழுதி வைத்துப் படிக்கவில்லை. தி.நகர் அலுவலகத்துக்கு யார் போனாலும் சாப்பாடு உண்டு என்பதும், நடிகர் சங்கத்தின் கடனை முன்னின்று அடைத்தவர் என்பதும் அந்தக் கோபத்தோடு சேர்ந்தே எங்களுக்கு வந்தது. வீட்டில் சத்தம் போடும் பெரியப்பா, சாப்பாட்டு நேரத்தில் முதல் ஆளாக இலை போடுவாரே, அப்படித்தான் அவரைப் பார்த்தோம்.

2011 பிரசாரத்தில் தர்மபுரிப் பக்கம் வண்டியில் நின்றபடி சொந்தக் கட்சி வேட்பாளரையே அவர் அடித்தார் என்று தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அதனால் ஓட்டுக் குறைந்ததா? இல்லை. அந்தத் தர்மபுரியில் அவர் கட்சியின் முரசுச் சின்னம்தான் ஜெயித்தது. அதிமுக கூட்டணியில் 41 இடத்தில் நின்று 29 இடம் பிடித்தார்கள். திமுக 23-ல் நின்றுவிட, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். கோபம் தன்னாலேயே ஓட்டைக் குறைத்துவிடும் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு தேர்தலைப் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து அது திரும்பிய இடம் 2012 பிப்ரவரி 1. பால் விலையும் பஸ் கட்டணமும் ஏறியதைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேச்சு. விஷயத்தில் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. பாலும் பஸ்ஸும் இல்லாத வீடு ஏது? ஆனால் ஆளுங்கட்சிக்காரர்களைப் பார்த்து விரலை நீட்டி நாக்கைக் கடித்த காட்சிதான் வெளியே வந்தது. பத்து நாள் இடைநீக்கம். மறுநாள் எங்கள் ஊர் பாலக்கரை டீக்கடையில் பால் விலையை யாரும் பேசவில்லை, நாக்கைத்தான் பேசினார்கள். 2015 டிசம்பரில் ரத்ததான முகாம் ஒன்றில் கேள்வி கேட்ட நிருபர்களைப் பார்த்து "தூ" என்றது இன்னும் மோசமாகப் போயிற்று. ஆளுங்கட்சியிடம் கேள்வி கேட்க உங்களுக்குத் தைரியம் இல்லையே என்ற ஆத்திரம் அது. அந்த ஆத்திரத்திலும் ஒரு பொருள் இருந்தது. பார்த்தவர்களுக்கு அது தெரியவில்லை. மைக் பிடித்துக்கொண்டு நிற்கும் சம்பளக்காரப் பையன்கள்தான் தெரிந்தார்கள்.

ஜெயலலிதாவின் கோபம் வேறு சாதி. அதைப் பெரும்பாலும் கண்ணால் பார்க்க முடியாது, அறிக்கையாக வரும். நேற்று அமைச்சராக இருந்தவர் இன்று அடிப்படை உறுப்பினராகக்கூட இல்லை என்று நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் சேதம் என்று பார்த்தால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது. 1999 ஏப்ரலில் அவர் ஆதரவை விலக்கியதால் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் விழுந்தது. 2001 ஜூன் 30-ல் 77 வயதான கருணாநிதியை விடியுமுன் கைது செய்த காட்சியை நாடே பார்த்தது. 2002-ல் மதிமுகவின் வைகோ பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவில் உள்ளே போனார். 2003 ஜூலையில் வேலை நிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலை நீக்கம். விஜயகாந்தின் கோபத்தால் ஒரு வேட்பாளரின் மனமும் சில நிருபர்களின் மனமும் புண்பட்டன. ஜெயலலிதாவின் கோபம் லட்சக்கணக்கான வீடுகளில் அடுப்பு வரைக்கும் போனது. அப்படியிருந்தும் ஓட்டு அவரிடம் திரும்பி வந்தது.

என் அம்மா இதற்கு ஒரு வார்த்தை வைத்திருந்தார். "அந்தம்மா இறங்கி வந்துடும்." மொத்த வித்தியாசமும் இந்த இறங்கி வருவதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2004 மக்களவைத் தேர்தல். தமிழ்நாட்டில் 39, புதுச்சேரியில் 1, ஆக நாற்பதும் எதிரணிக்கே போனது. மே 13-ல் முடிவு வந்தது. வேறு யாராக இருந்தாலும் கூட்டணிக் கணக்கு, டெல்லி அலை என்று ஆறு மாதம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். ஜெயலலிதா ஒரு வாரத்துக்குள் வரிசையாகத் திரும்பப் பெற்றார். கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வாபஸ். அரசு ஊழியர்கள் மேல் எடுத்த நடவடிக்கைகள் ரத்து. விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் பழையபடி. வருமானம் அதிகம் என்று ரேஷன் அரிசியை நிறுத்த கார்டில் குத்திய 'எச்' முத்திரை நீக்கம். பத்திரிகைகள் மேல் போட்டிருந்த வழக்குகள் வாபஸ். யார் யாருக்கெல்லாம் தன் கோபம் பட்டதோ, அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்த மாதிரி இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வந்த ஞாபகம் எனக்கு இல்லை. ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு வார்த்தை தேவைப்படவும் இல்லை.

ஆட்களிடமும் அப்படித்தான். பொடாவில் 19 மாதம் சிறையில் இருந்த வைகோவையே 2006-ல் தன் கூட்டணிக்குக் கொண்டுவந்து 35 தொகுதி கொடுத்தார். நாற்பதுக்குப் பூஜ்யம் வாங்கிய அணி, இரண்டே வருடத்தில் 69 சட்டமன்ற இடம் பிடித்தது. திமுக 96-ல் நின்று, காங்கிரஸ் ஆதரவோடுதான் ஆட்சி நடத்த முடிந்தது. 2011 மார்ச்சில் பழைய குணம் மறுபடி தலைகாட்டியது. கூட்டணிப் பேச்சு முடியும் முன்பே 160 பேர் கொண்ட வேட்பாளர் பட்டியலை வெளியிட்டார். விஜயகாந்தும் இடதுசாரிகளும் கொதித்தார்கள். கோபக்காரர் என்று நாம் நினைக்கும் ஆள் அந்த இடத்தில் என்ன செய்வார்? "போனால் போகட்டும்" என்பார். ஜெயலலிதா சில நாளில் பட்டியலை மாற்றினார். வைகோ மட்டும் சமாதானமாகாமல் அந்தத் தேர்தலையே புறக்கணித்தார், அது வேறு. இறங்கி வந்ததன் பலன், கூட்டணிக்கு 203 இடம்.

2014 மக்களவைத் தேர்தல் மேடையில் அவர் பேசிய விதமே மாறியிருந்தது. ஒவ்வொரு பகுதியும் "செய்வீர்களா?" என்று முடியும். உத்தரவு போட்டே பழகிய ஒருவர் கூட்டத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். 39-ல் 37 வந்தது. அந்தக் கேள்வி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தில் நின்று "செய்வோம்" என்று கத்திய எங்கள் தெருப் பெண்கள் வீடு திரும்பும்போது முகத்தில் இருந்த களையை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது விஜயகாந்துக்கு வருவோம். 2012-க்குப் பிறகு அவருக்கும் இறங்கி வர இடம் இருந்தது. சட்டமன்றத்துக்குத் திரும்பிப் போய் அதே பால் விலையை மறுபடி பேசியிருக்கலாம். எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி சும்மா கிடைக்காது. அதில் தினமும் உட்கார்ந்து கேள்வி கேட்டிருந்தால் நாக்கைக் கடித்தது நாளடைவில் மறந்திருக்கும். அவர் பெரும்பாலும் சபைக்கே வரவில்லை. தொகுதி வேலை என்று சொல்லி அவருடைய எம்எல்ஏக்கள் ஒவ்வொருவராக முதல்வரைப் பார்க்கப் போனார்கள். கடைசியில் 2016 பிப்ரவரியில் எட்டுப் பேர் ராஜினாமா செய்து, எதிர்க்கட்சித் தலைவர் பதவியும் போனது. போனவர்களை அவர் கூப்பிட்டுச் சமாதானம் பேசியதாக எங்கள் பக்கத்துக் கட்சிக்காரர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மக்கள் நலக் கூட்டணியின் முதல்வர் வேட்பாளராக 104 தொகுதியில் கட்சியை நிறுத்தி, எங்களுக்குப் பக்கத்தில் உளுந்தூர்ப்பேட்டையில் தானும் நின்று, மூன்றாவது இடத்தில் டெபாசிட் இழந்தார். அந்தச் செய்தி வந்த அன்று, அவருக்குப் போடாத நானே வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் வாதத்தில் இரண்டு இடம் பலவீனம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்று, ஆட்சியில் இருப்பவர் இறங்கி வந்தால் அது அரசாணையாக வீட்டுக்கு வரும், ரேஷன் கார்டில் தெரியும். எதிர்க்கட்சியில் இருப்பவர் எதைத் திருப்பிக் கொடுப்பார்? சொல்லையும் முகத்தையும்தான் மாற்ற முடியும். அந்த வகையில் விஜயகாந்துக்குப் போட்டி சமமாக இல்லை. இரண்டு, பிற்காலத்தில் அவர் உடல்நலம் குன்றியிருந்தது எல்லோருக்கும் தெரியும். 2015, 2016-ல் கோபம் என்று நாம் பார்த்ததில் எவ்வளவு உடம்பின் இயலாமை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதை நினைக்கும்போது அன்று டீக்கடையில் நானும் சேர்ந்து சிரித்தது உறுத்துகிறது.

ஜெயலலிதா பக்கமும் கணக்கு முழுசாகச் சரியாக வராது. அத்தனையும் வாபஸ் வாங்கியும் 2006-ல் ஆட்சி போகத்தான் செய்தது. அரசு ஊழியர் வீடுகளில் 2003-ஐ இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். வேலையைத் திருப்பிக் கொடுக்கலாம், அந்த ராத்திரியைத் திருப்பிக் கொடுக்க முடியாது இல்லையா? 2016-லும் இரண்டு அணிக்கும் ஓட்டு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். ஆனால் எம்ஜிஆருக்குப் பிறகு ஆட்சியில் இருந்தபடியே மறுபடி ஜெயித்த முதல்வர் என்று 32 வருடம் கழித்து அவர்தான் வந்தார். எனக்கு என் ஊர்தான் தெரியும். தெற்கிலும் கொங்கிலும் இதே மனநிலைதான் இருந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

2016-ல் நான் பொத்தானை அழுத்தியபோது என் மனதில் ஓடியது இதுதான். இருவருமே நாளைக்குக் கோபப்படுவார்கள். ஒருவர் கோபத்தில் தப்பு செய்தால் ஓட்டால் அடித்துக் கேட்க வைக்கலாம், 2004-ல் கேட்டார். இன்னொருவரிடம் கேட்க வைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. அவர் மனசு பெரியது என்று தெரிந்தும், தெரியவில்லை.

2023 டிசம்பர் 28-ல் விஜயகாந்த் இறந்தார். மறுநாள் சென்னை தீவுத்திடலில் திரண்ட கூட்டத்தை அம்மா காலையிலிருந்து டிவியில் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. "எத்தனை பேருக்குச் சோறு போட்ட மனுஷன்" என்றார். 2011-ல் அந்தம்மா கைகாட்டினார் என்பதற்காக ஒரே ஒரு தடவை முரசுக்குப் போட்டதைத் தவிர, அம்மா அவருக்கு ஓட்டுப் போட்டதே இல்லை.