சமத் தொடக்கமா, சாய்ந்த தொடக்கமா?

மருமகன் தான் எழுதிய செஸ் எஞ்சினின், அதாவது செஸ் ஆடும் நிரலின், பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் மட்டக்களப்புக் கல்லடியில் என் மடிக்கணினியில் மோதவிட்டான். மறுநாள் காலை, "100 ஆட்டத்தில் 75 புள்ளி, மாமா!" என்று துள்ளினான். ஆட்டப் பதிவைத் திறந்தேன். முதல் ஆட்டமும் மூன்றாவதும் கடைசி நகர்வு வரை ஒன்றே. இரண்டாவதும் நான்காவதும் அப்படியே. ஆட்டங்களை வெவ்வேறு நிலைகளில் தொடங்கிவைக்கும் நகர்வுத் தொகுப்பான தொடக்கப் புத்தகம் கொடுக்காமல், எத்தனை நகர்வு முன்னோக்கிப் பார்ப்பது என்ற தேடல் ஆழத்தையும் மாறாமல் வைத்து ஓட்டியிருக்கிறான். நடந்தது இரண்டே ஆட்டம்: ஒன்றில் வெற்றி, மற்றதில் சமன். மீதி 98உம் நகல்.

ஆகவே புத்தகம் வேண்டுமா என்பதில் எனக்குக் கேள்வியே இல்லை. எந்தப் புத்தகம் என்பதுதான் பேச்சு.

எஞ்சினுக்கென்றே தயாரித்த சொந்தப் புத்தகத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். செஸ் நிரல்களைத் தரவரிசைப்படுத்தும் சுவீடனின் எஸ்எஸ்டிஎஃப் பட்டியல் அதையும் சேர்த்தே மதிப்பிட்டது. விலைகொடுத்து வாங்குபவருக்கு அது நியாயம். எஞ்சினின் தேடல் முன்னேறியதா என்று பார்க்கும் எங்களுக்கோ, மனப்பாடம் ஒப்பித்த பிள்ளைக்கு மதிப்பெண் போட்ட கதைதான்.

மிஞ்சுவது இரண்டு. சில நகர்வுகளில் நின்று, இரு பக்கமும் ஏறத்தாழச் சமமான நிலைகளைத் தரும் பொதுப் புத்தகம் ஒன்று. மனிதர் ஆடிய ஆட்டங்களிலிருந்து, வெள்ளையின் கை ஓங்கிய நிலைகளாகப் பொறுக்கி எஞ்சின் சோதனையாளர் ஸ்டெஃபான் போல் தொகுத்த யுஎச்ஓ (சமமற்ற மனிதத் தொடக்கங்கள்) என்ற சாய்ந்த வகை மற்றது. நான் இரண்டாவதன் பக்கம்.

காரணம் சமன். 2020இல் முன்னணி எஞ்சினான ஸ்டாக்ஃபிஷின் 12ஆம் பதிப்பு, நிலையை மதிப்பிட நரம்பு வலையமைப்போடு வந்து பலமேறியது. இன்றைய பலமான எஞ்சின்கள் இரண்டைச் சம நிலையில் உட்காரவைத்தால் பெரும்பாலும் கைகுலுக்கிவிட்டு எழுந்துவிடுகின்றன. 100இல் 90 சமன் என்றால் தீர்ப்புச் சொல்ல 10 ஆட்டமே மிச்சம். மின்சாரக் கட்டணம் மட்டும் நூறுக்கும் வரும். அதுவும் இங்கே கச்சான் என்ற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் பகலில் ஓட்டினால் கணினி சூடேறிப் படுத்துவிடும். இரவு பத்துக்குமேல், அடியில் இரண்டு சிரட்டைகளைக் கவிழ்த்துவைத்துத்தான் ஓட்டுகிறேன். கிடைக்கும் மணித்தியாலங்களை வீணாக்க மனமில்லை.

சாய்ந்த நிலையில், வெள்ளை வெல்லுமா கறுப்புத் தப்புமா என்ற விளிம்பிலேயே ஆட்டம் தொடங்குகிறது. யார் கை எவ்வளவு ஓங்கியிருக்கிறது என்று எஞ்சின் ஓர் எண்ணால் காட்டும். ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் +1.00 என்ற மதிப்புக்குப் பொருளே வெள்ளை வெல்லும் வாய்ப்புப் பாதி என்பதுதான். அதன் அக்கம்பக்கத்து நிலைகளே இந்த வேலைக்குத் தோதானவை. கறுப்புக்கு அநியாயம் அல்லவா? அதற்காகத்தான் ஒரே நிலையை நிறம் மாற்றி இருமுறை ஆடவைப்பது. இருவரும் வெள்ளையில் வென்றால் 1–1, கணக்குத் தீர்ந்தது. ஒருவர் வெள்ளையில் வென்று கறுப்பிலும் தப்பினால் 1½–½. ராத்திரி முழுக்க நான் தேடுவது அந்த அரைப் புள்ளியைத்தான். பிழை வரம்பையும் சோடி சோடியாகவே கணக்கிட வேண்டும், ஏனெனில் ஒரு சோடியின் இரண்டு முடிவுகளும் ஒரே நிலையில் பிறந்தவை. ஸ்டாக்ஃபிஷ் சோதனைகளில் ஒரு சோடியில் எடுத்த புள்ளியை 0, ½, 1, 1½, 2 என்று ஐந்து வகையாக எண்ணுவது இதனால்தான். சாய்வு மிதமிஞ்சினால் எல்லாச் சோடியும் 1–1 ஆகிவிடும். பழைய சமனே வேறு சட்டை போட்டு வந்ததாகிவிடும்.

சமப் புத்தகத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மருமகனின் எஞ்சின் இன்னும் குதிரையைச் சும்மா கொடுக்கும் பருவத்தில் இருக்கிறது. சமன் அதற்கு ஒரு தொல்லையே இல்லை. எட்டு நகர்வுப் பொதுப் புத்தகம் அதற்குப் போதும். நான் ஓட்டியவையும் பத்து விநாடி ஆட்டங்களே. நீண்ட நேர ஆட்டங்களுக்கு எவ்வளவு சாய்வு பொருந்தும் என்று என் அனுபவத்தை வைத்து அடித்துச் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. சாய்ந்த புத்தகத்தில் ஈலோ என்ற பல மதிப்பெண்ணின் இடைவெளி விரிந்து தெரியும். அதைச் சிசிஆர்எல் போன்ற பொது எஞ்சின் தரப்பட்டியலின் எண்களோடு கூட்டிப் பார்க்கக் கூடாது. மருமகன் கூட்டிப் பார்த்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அன்று மாலையே அழித்தான்.